கியர்பாக்ஸுக்கு ஒரு தெர்மாமீட்டர்: ஒரு சின்ன மீட்டரின் பெரிய கதை



செமஸ்டர் பரீட்சை எல்லாம் முடிந்து ஒரு வழியாக மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. இந்த முறை வரலாறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ராஜா, போர், பட்டாபிஷேகம் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். இரண்டு அங்குல விட்டத்தில் இருக்கும் ஒரு வட்டமான மீட்டரின் வரலாறு. அதன் பெயர் டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் கேஜ். அதாவது, வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஓடும் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் மீட்டர்.

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில், அதுவும் பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பவர்களில், நிறையப் பேர் இந்த மீட்டரைக் கடையில் தனியாக வாங்கி, வண்டியில் ஓட்டை போட்டு, வயர் இழுத்துத் தாங்களே மாட்டிக் கொள்வார்கள். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியில் ஏன் ஒருவர் ஓட்டை போடுகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், ஜெர்மனியின் கப்பல் கட்டும் தளம், இரண்டாம் உலகப் போர் டாங்கி, திமிங்கிலம் என்று எங்கெங்கோ போய்விட்டேன். வாருங்கள், நீங்களும் கூட வரலாம்.

சித்தப்பாவின் டிரக்

கதை ஆரம்பித்தது என் சித்தப்பா வீட்டில். அவர் டெக்சாஸில் இருக்கிறார். வாரநாளில் ஆபீஸ் வேலை, வார இறுதியில் விசேஷங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட். பெரிய அடுப்பு, அண்டா, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒரு டிரெய்லரில் ஏற்றி, பழைய பிக்கப் டிரக்கில் கட்டி இழுத்துப் போவார். நான் மேற்படிப்புக்காக இங்கே வருவதற்கு முந்தைய ஆகஸ்ட் மாதம், ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கும் குன்றுப் பகுதியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை. கருகிய வாடை.

மெக்கானிக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுப்பாக இருந்தது. உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்து போயிருந்தன. பில் மூவாயிரம் டாலரைத் தாண்டியது. அன்றைக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்கு அவர் பட்ட பாடு தனிக் கதை. சித்தி இன்றும் சொல்லிக் காட்டுவார்.

சித்தப்பாவால் ஆற்ற முடியாத விஷயம் ஒன்றுதான். "டேய், நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான்டா ஓட்டினேன். முள் நடுவுலயே இருந்துச்சு!" அவர் சொன்னது பொய்யில்லை. அந்த முள் காட்டியது எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டை. கியர்பாக்ஸின் சூட்டைக் காட்ட அந்த வண்டியில் எதுவுமே இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

முதலில் தண்ணீர்

கார் வந்த புதிதில் எந்த மீட்டரும் கிடையாது. ரேடியேட்டரில் இருந்து ஆவி வந்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். 1912-ல் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் ஒரு தெர்மாமீட்டருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். அதை டாஷ்போர்டில் வைக்கவில்லை. காரின் மூக்கில், ரேடியேட்டர் மூடியின் மேலேயே நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுபவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வட்டமான கண்ணாடிக்குள் சிவப்புத் திரவம் ஏறுவது தெரியும். பழைய கார்களின் படங்களில் ரேடியேட்டர் உச்சியில் ஒரு வட்ட பதக்கம் போல நிற்கிறதே, அதுதான் இது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காரை விற்ற கம்பெனி தராத ஒரு தகவலை, வாங்கியவர் தன் காசில் வாங்கி மாட்டிக் கொண்டார். பிறகுதான் கம்பெனிகளே அதைக் கொடுக்க ஆரம்பித்தன. 1920களின் கடைசியில் வெப்பமானி டாஷ்போர்டுக்குள் வந்துவிட்டது. அதற்கு உதவியது 1849-ல் பிரான்ஸில் யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கிய வளைந்த குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும். அதன் நுனியில் முள்ளைக் கட்டிவிட்டால் மீட்டர் ரெடி. எஞ்சினில் செருகிய ஒரு சின்னக் குமிழுக்குள் எளிதில் ஆவியாகும் திரவம், அங்கிருந்து டாஷ்போர்டு வரை முடி போன்ற மெல்லிய செம்புக் குழாய், மறு நுனியில் போர்டான் குழாய். கரண்டே தேவையில்லை. இன்றும் இந்த வகை மீட்டர் கடையில் கிடைக்கிறது.

அந்தக் காலத்தில் கியர்பாக்ஸின் சூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படவும் தேவையில்லை. கிளட்ச் மிதித்து, கியர் மாற்றி ஓட்டும் வண்டியில் பற்சக்கரம் பற்சக்கரத்தோடு நேரடியாகப் பொருந்தி ஓடுகிறது. வீணாகும் சக்தி மிகக் கொஞ்சம். கிளட்ச் வழுக்கினால் ஓட்டுபவரின் காலுக்கே தெரியும், மூக்குக்கும் தெரியும். உடம்புதான் மீட்டர்!

கிளட்ச் மிதிக்காத கார்

1905-ல் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு வினோதமான காப்புரிமை வாங்கினார். அப்போது அவர் ஸ்டெட்டின் நகரத்தில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்தார். கப்பலின் நீராவி டர்பைன் அசுர வேகத்தில் சுற்றும். ஆனால் தண்ணீரைத் தள்ளும் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது எப்படி? திரவத்தால் இணைக்கலாம் என்றார் அவர்.

புரியவில்லையா? இரண்டு டேபிள் ஃபேனை எதிரும் புதிருமாக வைத்து ஒன்றை மட்டும் சுவிட்ச் போடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். நடுவில் எந்த இணைப்பும் இல்லை. காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய பெட்டி. இதுதான் திரவ இணைப்பு. இடையில் திசை திருப்பும் மூன்றாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தால் டார்க் கன்வெர்ட்டர்.

ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்ஸன் தலைமையில் ஒரு குழு, திரவ இணைப்பையும் தானாகவே மாறும் நான்கு கியர்களையும் சேர்த்து ஹைட்ரா-மாட்டிக் என்ற கியர்பாக்ஸைச் செய்தது. 1939-ல், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் கூடுதலாக 57 டாலர் கொடுத்தால் கிடைக்கும் வசதியாக அது வந்தது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இதுதான். கிளட்ச் பெடலே கிடையாது.

அடுத்து உலகப் போர். அமெரிக்க ராணுவத்தின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின், இரண்டு ஹைட்ரா-மாட்டிக். பின்னால் வந்த எம்24 சாஃபி டாங்கியிலும் அதே ஏற்பாடு. பதினைந்து டன் இரும்பைச் சேற்றிலும் மணலிலும் இழுத்த கியர்பாக்ஸ் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்களா? போர் முடிந்ததும் ஆட்டோமேட்டிக்கின் ராஜ்ஜியம்தான். 1948-ல் ப்யூயிக் டைனாஃப்ளோ, 1950-ல் ஷெவர்லே பவர்கிளைட் என்று வரிசையாக வந்தன.

எவ்வளவு தேவை இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1953 ஆகஸ்ட் 12-ம் தேதி மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மாட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து முற்றிலும் அழிந்தது. உலோகம் வெட்டும் வேலையில் பறந்த பொறி, எரியக்கூடிய திரவம் வழிந்து நின்ற தட்டில் விழுந்ததுதான் காரணம். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கியர்பாக்ஸ் இல்லாமல் காரை விற்க முடியாமல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் ப்யூயிக்கின் டைனாஃப்ளோவைக் கடன் வாங்கிப் பொருத்தின. பாண்டியாக் பவர்கிளைட்டைப் பொருத்தியது. பழையபடி கிளட்ச் பெடலுக்கே திரும்பிவிடலாம் என்று அவர்களால் நினைக்க முடியவில்லை. ஜனங்கள் அதற்குள் அவ்வளவு பழகிவிட்டார்கள்.

பிக்கப்புக்குள் வந்த வினை

பிக்கப் டிரக் அதற்கு முன்பே இருந்தது. 1925-ல் ஃபோர்ட் கம்பெனி தன் மாடல் டி காரின் பின்னால் சின்னத் தொட்டி ஒன்றை வைத்து 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலேயே தயாரான ஃபோர்டின் முதல் பிக்கப் அது. விவசாயியின் வண்டி. மூட்டை ஏற்ற, பால் கேன் ஏற்ற, ஏதாவது கட்டி இழுக்க.

1953-ல் ஃபோர்டும் 1954-ல் ஷெவர்லேயும் தங்கள் சிறிய டிரக்குகளில் ஆட்டோமேட்டிக்கைக் கொடுக்க ஆரம்பித்தன. சொகுசுக்காக வந்த கியர்பாக்ஸ் இப்போது சுமை இழுக்க வந்துவிட்டது. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு ஃபேனை மறுபடி நினைத்துப் பாருங்கள். இரண்டாவது ஃபேன் முதல் ஃபேன் அளவு வேகமாக எப்போதுமே சுற்றாது. கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசம் எங்கே போகிறது? எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குகிறது. சமதளத்தில் காலியாகப் போனால் வித்தியாசம் கொஞ்சம். பாரம் கட்டி மேடு ஏறினால் அதிகம். வண்டி நகராமல் நின்று எஞ்சின் முறுக்கினால் மொத்த சக்தியும் சூடுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மேட்டில் எஞ்சின் 100 கிலோவாட் தருகிறது, கன்வெர்ட்டரில் 10 சதவீதம் வீணாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 10 கிலோவாட் சூடு. நம் வீட்டு பாத்ரூம் கீசர் 2 கிலோவாட். அப்படியானால் ஐந்து கீசரை ஒரே நேரத்தில் ஆன் செய்து சில லிட்டர் எண்ணெய்க்குள் போட்ட மாதிரி! அந்தச் சூட்டை வெளியேற்ற, எண்ணெயை ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் குளிர்விப்பான் வழியாக அனுப்புகிறார்கள். ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும்போது அது எவ்வளவுதான் குளிர்விக்கும்?

1889-ல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ஹீனியஸ், சூடு ஏற ஏற வேதிவினை எப்படி வேகமாகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். தோராயமாக 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்று வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கியர்பாக்ஸ் கடைகளில் வழங்கி வரும் விதியும் அதேதான். 175 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 79 செல்சியஸ்) மேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றத்துக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும். 175-ல் ஒரு லட்சம் மைல் உழைக்கும் எண்ணெய், 195-ல் ஐம்பதாயிரம், 215-ல் இருபத்தைந்தாயிரம். 240 வாக்கில் எண்ணெய் வார்னிஷ் போலப் படிய ஆரம்பிக்கும். 260-ல் ரப்பர் சீல்கள் இறுகும். 300-ஐ நெருங்கினால் கிளட்ச் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் வழுக்கல்... அப்புறம் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். இது பழைய கனிம எண்ணெய்க்கான கட்டை விரல் கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் போகும் திசை ஒன்றுதான்.

திமிங்கிலத்தின் பங்கு

இதைப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் 'டைப் ஏ' என்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு தரம் வகுத்தது. கசிந்தால் எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்க அதற்குச் சிவப்புச் சாயம். அந்தக் கால ஆயில்களில் கிளட்ச் தட்டுகள் உதறாமல் மென்மையாகப் பிடிக்க ஒரு பொருள் சேர்த்தார்கள்: ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்!

காரணம் வேதியியல்தான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை கொழுப்பு வகை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயில் பெரும்பகுதி திரவ மெழுகு. சூட்டிலும் அழுத்தத்திலும் எளிதில் கெடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கப் பயன்பட்ட அதே எண்ணெய், மனிதன் நிலவில் கால் வைத்த காலத்திலும் அமெரிக்கக் கார்களின் வயிற்றில் ஓடிக் கொண்டிருந்தது.

1970-ல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி நின்றது. 1973-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. கம்பெனிகள் அவசரமாக மாற்றுச் சரக்கைத் தேடின. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 1967-ல் வந்தது. திமிங்கில எண்ணெய் இல்லாத டெக்ஸ்ரான் 2 எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. அதில் ஆரம்பத்தில் வந்த கலவை ஒன்று குளிர்விப்பானின் பற்றவைப்பையே அரிக்கிறது என்று தெரிந்து மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. பாலைவனத்தில் விளையும் ஜோஜோபா விதை எண்ணெயும் அதே மெழுகு வகை என்பதால் அதன் மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. கடைசியில் செயற்கை ரசாயனங்கள்தான் அந்த இடத்தைப் பிடித்தன.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். காரை ஓட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வண்டிக்குள் திமிங்கிலம் இருந்தது தெரியும்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முள் போய் விளக்கு வந்தது

இதே காலத்தில் டாஷ்போர்டிலும் ஒரு மாற்றம். 1930களிலேயே ஹட்சன் கம்பெனி ஆயில் அழுத்தத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மீட்டருக்குப் பதில் சிவப்பு விளக்கு வைத்தது. ஐம்பது, அறுபதுகளில் இது பரவியது. முள்ளும் எண்ணும் இருந்தால் ஜனங்கள் குழம்புவார்களாம். விளக்கு எரிந்தால் நிறுத்து, எரியாவிட்டால் ஓட்டு. செலவும் மிச்சம். மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயர் 'இடியட் லைட்'.

விளக்குக்கும் முள்ளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. முள் என்ன நடந்து கொண்டிருக்கிறது என்று சொல்லும். விளக்கு என்ன நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லும். கியர்பாக்ஸுக்கோ பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு கூட இல்லை.

1973 பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் மிச்சம் பிடிக்க இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, வேகம் பிடித்த பின் டார்க் கன்வெர்ட்டரை ஒரு கிளட்ச் போட்டு இறுக்கிப் பூட்டுவது. பாக்கார்ட் கம்பெனி 1949-லேயே இதைச் செய்திருந்தது. கிரைஸ்லர் 1978 மாடல்களில் மறுபடி கொண்டு வந்தது. பூட்டினால் வழுக்கல் இல்லை, சூடும் இல்லை. நல்ல விஷயம். இரண்டாவது, ஓவர்டிரைவ் என்ற நான்காவது கியர். 1980-ல் ஃபோர்டும், 1982 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸும் கொடுத்தன.

சமதளத்தில் இரண்டும் அருமை. டிரெய்லரோடு மேடு ஏறும்போதுதான் சிக்கல். ஓவர்டிரைவில் சக்தி போதாமல் பூட்டு திறக்கும், கீழ் கியருக்குப் போகும், கொஞ்சம் வேகம் வந்ததும் மறுபடி மேலே, மறுபடி கீழே... ஒவ்வொரு தடவையும் சூடு ஏறும். சித்தப்பாவின் டிரக் அன்றைக்குச் செய்தது இதைத்தான். அவர் ஏதோ எஞ்சின் திணறுகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறார்.

டிரக்குக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது

என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான். 1989-ல் ஃபோர்டின் டிரக்குகளில் வந்த ஈ4ஓடி கியர்பாக்ஸும், 1991-ல் ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்80-ஈ கியர்பாக்ஸும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்குபவை. எப்போது கியர் மாற்றுவது, எப்போது பூட்டுவது என்று முடிவு செய்ய கம்ப்யூட்டருக்கு எண்ணெயின் சூடு தெரிய வேண்டும். எனவே உள்ளேயே ஒரு சென்சார் இருந்தது. அதாவது எண்ணெய் எத்தனை டிகிரி என்று வண்டிக்கு நொடிக்கு நொடி தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்து, கடன் கட்டி, ரிப்பேர் பில்லும் கட்டப் போகிற மனிதருக்கு மட்டும் அதைக் காட்டவில்லை!

அந்த சென்சாரின் கதையும் பழையது. 1833-ல் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறைகிறது என்று கண்டார். உலோகங்கள் இதற்கு நேர் எதிராக நடந்து கொள்ளும் என்பதால் அது புதிராக இருந்தது. சுமார் நூறு வருஷம் கழித்து, 1930-ல் சாமுவேல் ரூபன் அதே குணத்தை வைத்து தெர்மிஸ்டரைச் செய்தார். இன்றைக்கு மின்சார டெம்பரேச்சர் மீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சூடு ஏறினால் தடை குறையும், கரண்ட் கூடும், முள் நகரும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் சிறிய டிரக்குகளிலும் ஓபிடி-2 என்ற சோதனை முனை கட்டாயமானது. அதில் ஒரு கருவியைச் செருகி நிறைய வண்டிகளில் இந்த எண்ணைப் படித்துவிட முடியும். 1999 ஃபோர்ட் சூப்பர் டியூட்டி போன்ற பெரிய பிக்கப்புகளில் தொழிற்சாலையே கியர்பாக்ஸ் மீட்டரைக் கொடுத்தது. நூறு வருஷம் முன்பு ரேடியேட்டர் மூடியில் நடந்த கதைதான் மறுபடியும். முதலில் வாங்கியவர்கள் தாங்களே மாட்டினார்கள், பிறகு கம்பெனி மாட்டியது. ஆனால் கம்பெனி மீட்டர் பலவற்றில் எண் கிடையாது. வெறும் பச்சை, சிவப்புக் கோடு. சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்வதும் உண்டு, வாடிக்கையாளர் பயப்படக் கூடாதாம். அதனால்தான் தனி மீட்டர் மாட்டும் பழக்கம் போகவில்லை.

நாங்கள் மாட்டிய கதை

ரிப்பேருக்குப் பிறகு சித்தப்பா மீட்டர் வாங்கி வைத்துவிட்டார், மாட்ட ஆள் இல்லை. நான் போன முதல் கோடையில் "இன்ஜினியருக்குத்தானே படிக்கிறே, வா" என்று டார்ச்சைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் கேள்வி, சென்சாரை எங்கே வைப்பது? மூன்று இடம் உண்டு. கியர்பாக்ஸின் அடித்தட்டில் வைத்தால் மொத்த எண்ணெயின் நிதானமான சூடு தெரியும். கன்வெர்ட்டரிலிருந்து குளிர்விப்பானுக்குப் போகும் குழாயில் வைத்தால் அந்த நிமிஷத்தின் உச்ச சூடு தெரியும். முள் சட்சட்டென்று குதிக்கும். கியர்பாக்ஸின் பக்கத்தில் அழுத்தம் பார்க்க விட்டிருக்கும் துளையில் வைத்தால் ஓட்டையே போட வேண்டாம். சித்தப்பா அடித்தட்டைத் தேர்ந்தெடுத்தார். "எனக்கு நிதானமா சொன்னா போதும்டா, குதிச்சா நான் பயந்துடுவேன்."

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. எங்கள் அடித்தட்டில் வடிகால் நட்டு இல்லை. ஒரு பக்கத்து போல்ட்டுகளை லூசாக்கித் தட்டைச் சரித்துதான் எண்ணெயை இறக்க வேண்டும். பாதி டப்பாவில் விழுந்தது, பாதி என் சட்டையில். கழற்றிய தட்டில், உள்ளே ஃபில்டரில் இடிக்காத, வெளியே சைலன்சர் குழாய்க்கு அருகில் வராத பக்கவாட்டு இடமாகப் பார்த்து ஓட்டை போட்டோம். தெரிந்த வெல்டர் ஒருவர் அதில் எட்டில் ஒரு அங்குல பைப் மரை கொண்ட இரும்பு வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார். இரும்புத் துகள் ஒன்று உள்ளே போனாலும் வால்வுகள் சிக்கிக் கொள்ளும் என்பதால் தட்டை மூன்று தடவை கழுவித் துடைத்தோம்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டு, அதன் உடலில் ஒரு வயரைக் கட்டி எர்த் கொடுத்து, மீட்டரைப் பார்த்தோம். முள் 212-ல் வந்து நின்றது. தண்ணீர் கொதிக்கும் சூடு ஃபாரன்ஹீட்டில் அதுதானே. எந்தக் கம்பெனியின் வார்த்தையையும் நம்பாமல், சித்தியின் காபிப் பாத்திரத்தை வைத்தே மீட்டரைச் சரிபார்த்த திருப்தி! (பாத்திரத்துக்கு வாங்கிய திட்டு தனி.)

ஒற்றை வயர் சென்சார் தன் மரையின் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. கசியக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளினால் எர்த் போய்விடும், மீட்டர் தப்பாகக் காட்டும். புதுசாக மாட்டுபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. பிறகு வயரைச் சூடான குழாய்களுக்குத் தள்ளி இழுத்து, ரப்பர் வளையம் வழியாக உள்ளே கொண்டு வந்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் ஃப்யூஸோடு இணைத்தோம். மீட்டர் கண்ணாடி ஓரத் தூணில் உட்கார்ந்தது. புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்த்தோம். காலையில் ஆரம்பித்த வேலை சாயங்காலம் முடிந்தது.

அடுத்த வாரமே டிரெய்லரோடு அதே குன்றுப் பாதை. சமதளத்தில் முள் 180 பக்கம் நின்றது. மேடு ஆரம்பித்ததும் 190, 200, 215... பக்கத்தில் உட்கார்ந்து நான் எண் சொல்லிக் கொண்டே வந்தேன். 220 தொட்டதும் சித்தப்பா ஓவர்டிரைவ் பட்டனை அழுத்தி ஆஃப் செய்தார். எஞ்சின் சத்தம் கூடியது, வேகம் கொஞ்சம் குறைந்தது. இரண்டு நிமிஷம் முள் அசையவில்லை. அப்புறம் மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. சித்தப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "மூவாயிரம் டாலர் இந்த பட்டன்லயாடா இருந்துச்சு!"

அந்த பட்டன் அன்றைக்கும் அங்கேயேதான் இருந்தது நண்பர்களே. எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எண்பது வருஷத்துக்கும் மேலாக வண்டி ஓட்டுவதைச் சுலபமாக்கிக் கொண்டே வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை; கிளட்ச் மிதித்து டிராஃபிக்கில் கால் வலித்தவன்தான் நானும். ஆனால் காலிலிருந்து கிளட்ச்சை எடுத்தபோது, அந்தக் கால் சொல்லிக் கொண்டிருந்த செய்தியும் சேர்ந்து போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டு வர ஒரு சென்சார், ஒரு வயர், ஒரு முள், ஒரு நாள் உழைப்பு போதுமாக இருந்தது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்களிடமோ ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பாக இருந்தால் சரி. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து கருகிய வாடையும் வந்தால், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு என்ன நிறம் என்று எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!